தேவிக்குப் பழப்புளி போட்டவர்

பென்டில் ஹில் ஜெயரட்ணம் வீட்டில் ஒரு கிரேக்கத் தேவி காசுக்குள்ளேயே திரும்பி முதுகைக் காட்டியது செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. காசு அவருடையதல்ல. உரோமர் ஆண்ட காலத்தில் ஒரு கிரேக்க நகரம் அடித்த வெண்கலக் காசு அது. குவேக்கர்ஸ் ஹில் மகாதேவன் ஒரு வாரம் வைத்துப் பார்க்கக் கொடுத்திருந்தார். ஒரு பக்கம் சக்கரவர்த்தி, மறுபக்கம் நகர மதிலையே முடியாகச் சூடிய தேவி. ஆயிரத்தெண்ணூறு வருடம் மண்ணுக்குள் கிடந்து அவள் உடுத்தியிருந்த பச்சைக் களிம்பைத்தான் காசு சேர்ப்பவர்கள் உயிராக மதிப்பார்கள். ஜெயரட்ணத்துக்கு அது அழுக்கு. குத்துவிளக்குக்குப் போடுகிற பழப்புளியை அரைக் கிலோ கரைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்தார். காசு பல ஸ்டேஷன் தள்ளியிருக்கிற லிட்கம் வரைக்கும் மினுங்கியது. தேவி குனிந்து தன்னைப் பார்த்தாள், உடுப்பு இல்லை, திரும்பிவிட்டாள்.

சனிக்கிழமை வந்த மகாதேவன் காசைப் பார்த்ததும் கதிரையில் தொப்பென்று விழுந்தார். ஜெயரட்ணத்தின் வாய் அவரைக் கேட்காமலே சொன்னது: "மனுசி விளக்கோட சேர்த்து மினுக்கிப் போட்டா." குசினிக்குள் நின்ற மனைவி இரஞ்சிதத்துக்கு அது கேட்டது. மறுக்கவில்லை.

"விடுங்க சார், அக்கா தெரியாம பண்ணிட்டாங்க," என்றார் மகாதேவன், அழாத குறையாக.

அன்றைக்கே வீட்டிலிருந்த முகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கலண்டர் இலட்சுமி, ஒரு டொலர் காசிலிருந்த ஐந்து கங்காருகள், கடைசியாகக் கல்யாணப் படத்திலிருந்த இரஞ்சிதம். படத்தில் ஜெயரட்ணம் மட்டும் மாலையும் சிரிப்புமாக ஒரு கொண்டைக்குப் பக்கத்தில் நின்றார். இரண்டு வருடம் அப்படியே போனது. மரக்கறிக் கடையில், "அன்ரி, காசை வெளுத்தது நீங்கள்தானே? என்ர மோதிரத்தையும் ஒருக்கா..." என்று சிரிப்பார்கள். "ஓம், கொண்டு வாங்கோ," என்பார் இரஞ்சிதம். ஜெயரட்ணம் தலையை நிமிர்த்தாமல் வெண்டிக்காய் நுனி முறிப்பார். இரண்டு வருடத்தில் பதினேழு கிலோ முறித்திருப்பார்.

மகாதேவனின் மகள் தாரிணியின் நிச்சயதார்த்தத்தில், "நம்ம காசைக் குளிப்பாட்டின அக்கா இவங்கதான்!" என்று இரஞ்சிதத்தை மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டினார்கள். அவர் வழக்கம்போலச் சிரித்தார். ஜெயரட்ணத்தால் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. மைக்கைப் பறித்தார்.

"மினுக்கினது நான். அவ தொடேல்லை. பொய் சொன்னனான்."

முந்நூறு பேர் கடித்த வடையோடு அசையாமல் நின்றார்கள்.

"இரண்டு வருசம் எடுத்திருக்கு," என்றார் இரஞ்சிதம். "மைக்கைக் குடுத்திட்டு இறங்குங்கோ."

வீட்டுக்குப் போனபோது இலட்சுமியும் கங்காருகளும் முகம் காட்டித் திரும்பியிருந்தார்கள். மகாதேவன் வீட்டில் தேவி திரும்பவில்லை, முடியிலிருக்கிற மதிலின் பின்வாசல் தெரிகிற ஒரே காசு என்று அவர் அவளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார். கல்யாணப் படத்தில் இரஞ்சிதம் பாதிதான் திரும்பினார், காசில் அடித்ததுபோல ஒரு கன்னம் மட்டும். வருகிறவர்கள் நல்ல படம் என்கிறார்கள். ஓம் என்கிறார் ஜெயரட்ணம். மற்றக் கன்னத்தை அவர் கேட்பதில்லை.