பதினேழு ஆட்டம் கண்ட டிரவுசர்

மூக்கனுக்கு சோப்புத் தொழிற்சாலையில் வேலை. காய்ச்சுகிற வேலையோ வெட்டுகிற வேலையோ இல்லை, முகர்கிற வேலை. ஒவ்வொரு கொப்பரை சோப்பும் அச்சுக்குப் போகும் முன் அதிலிருந்து ஒரு துண்டு அவன் மேசைக்கு வரும். அவன் முகர்ந்து தலையாட்டினால் அச்சுக்குப் போகும். முகம் சுளித்தால் திரும்பக் கொப்பரைக்கே போகும். ரோஜாவில் ஒரு சொட்டு கூடியிருந்தாலும் சொல்லிவிடுவான். காய்ச்சியவன் காலையில் வெங்காயம் நறுக்கிவிட்டு வந்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்வான். பதினோரு வருடமாக அவன் வீட்டு அடுப்பு அந்த மூக்கை நம்பித்தான் எரிந்தது.

அப்பேர்ப்பட்ட மூக்கை அவன் சனிக்கிழமைதோறும் கொண்டுபோய் வைத்த இடம் இருக்கிறதே, அதைச் சாப்பிடும் நேரத்தில் சொல்ல முடியாது.

ஆள் நெட்டை. நெட்டையாகப் பிறந்த பாவத்துக்கு ஊர் ரக்பி அணியில் இரண்டாம் வரிசையில் போட்டுவிட்டார்கள். ரக்பியில் ஆள் முன்னால்தான் ஓட வேண்டும், ஆனால் பந்தைப் பின்னால்தான் போட வேண்டும். இந்த விதியை யோசித்தவன் வீட்டில் எப்படிப் பிழைத்தானோ தெரியவில்லை. பந்து கைதவறி முன்னால் விழுந்துவிட்டால் நடுவர் ஊதிவிடுவார். உடனே இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர், தோளைத் தோளோடு கோத்துக் குனிந்து, எருமைகள் மாதிரி முட்டித் தள்ள வேண்டும். இதற்கு ஸ்க்ரம் என்று பெயர். முன்வரிசையில் மூன்று பேர். அவர்களுக்குப் பின்னால் நெட்டையர் இருவர், முன்வரிசைக்காரர்களின் இடுப்புக்கும் இடுப்புக்கும் நடுவே தலையைச் செருகித் தள்ள வேண்டும். இடுப்பு என்பது மரியாதைக்குச் சொல்வது.

மூக்கனின் தலைக்கு வலப்பக்கம் கொக்கி. பந்தைக் காலால் கொக்கி போட்டு இழுப்பவன். இடப்பக்கம் பீப்பாய். பீப்பாய் மரக்கடையில் கட்டை தூக்குபவன். ஆள் பார்க்கவும் பீப்பாய்தான். அது மட்டுமென்றால் பரவாயில்லை. அவன் மூக்கனுடைய மனைவியின் கூடப்பிறந்த அண்ணன்.

அந்த வருடத்தின் முதல் ஆட்டத்தில் ஜெயித்ததும் பீப்பாய் டிரவுசரைத் துவைக்க மறந்துபோனான். இரண்டாவதிலும் ஜெயித்தார்கள். மூன்றாவதிலும் ஜெயித்ததும் கேப்டன் அணியைக் கூட்டி ஒரு சட்டம் போட்டார்.

"தோக்கற வரைக்கும் இதுல ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது. புரியுதா?"

அதன்பிறகு அவர்கள் தோற்கவே இல்லை.

ஆறாவது ஆட்டத்தில் அந்த டிரவுசர் நனைந்த நாய் போல நாறியது. ஒன்பதாவதில் அந்த நாய் செத்துப்போயிருந்தது. பன்னிரண்டாவதுக்குப் பிறகு அதைக் கழற்றித் தரையில் வைத்தால் விழவில்லை, நின்றது. புதிதாகச் சேர்ந்த ஒருவன் ஸ்டூல் என்று நினைத்து அதில் உட்காரப் போனான். முதலில் ஈக்கள் நிறைய வந்தன. பதினான்காவது வாரத்தில் ஈக்களும் வருவதை நிறுத்திக்கொண்டன. பிறகு அதை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, மேலே ஒரு செங்கல்லையும் வைத்தார்கள்.

பீப்பாய்க்கு இதெல்லாம் தெரியாது. அவன் மூக்கு ஏற்கனவே நான்கு முறை உடைந்திருந்தது. கொக்கிக்கு மூன்று முறை. முன்வரிசையில் மூக்கு என்பது முகத்துக்கு நடுவில் இருக்கும் ஓர் அடையாளம், அவ்வளவுதான். வேலை செய்கிற மூக்கு அந்த வட்டாரத்திலேயே ஒன்றுதான். அதை அந்தத் துணியின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, ஆட்டத்துக்கு இருபது தடவை தள்ள வேண்டியிருந்தது.

பதினேழாவது ஆட்டத்துக்கு மறுநாள் அவன் மனைவி தலைக்குக் குளித்துவிட்டு வந்து, கூந்தலை அவன் முகத்தருகே நீட்டினாள். "புது சோப்பு போட்டேன். எப்படி இருக்கு வாசன?"

அவன் உண்மை பேசிப் பழகியவன். "உங்கண்ணன் மாதிரியே இருக்கு" என்றான்.

இரண்டு நாள் அவள் பேசவில்லை.

தொழிற்சாலையில் மூன்று கொப்பரை நல்ல சோப்பைத் திருப்பி அனுப்பினான். மேனேஜர் கூப்பிட்டு ஐந்து சின்ன சீசாக்களை வரிசையாக வைத்தார். ஐந்தையும் முகர்ந்துவிட்டு, ஐந்துக்கும் ஒரே பதிலைச் சொன்னான்: "மச்சான்."

"கடைசி சீசாவுல வெறும் தண்ணிதாம்ப்பா இருக்கு" என்றார் மேனேஜர். "அடுத்த திங்கட்கிழம வருஷ சோதன. அன்னைக்கும் இதே மச்சான சொன்னா, செவ்வாய்க்கிழமயில இருந்து லாரில மூட்ட ஏத்தப் போயிடு. நல்ல உசரமா வேற இருக்க."

திங்கட்கிழமைக்கு இடையில் ஒரு சனிக்கிழமை இருந்தது. இறுதி ஆட்டம்.

மூக்கன் விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். பூட்ஸின் அடிக்குமிழ் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று எழுதியிருந்தது. மோதிரம் கூடாது, கொக்கி வைத்த பெல்ட் கூடாது, கூரான எதுவும் கூடாது. நாற்றத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. புத்தகத்தை மூடிவிட்டுக் கேப்டனைத் தேடிப் போனான்.

கேப்டன் கார் பழுது பார்க்கும் பட்டறை நடத்துபவர். தூக்கி நிறுத்திய வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். படுத்த வாக்கிலேயே எல்லாவற்றையும் கேட்டார்.

"அருவருப்பா இருக்கா உனக்கு?"

"இருக்கு கேப்டன். ராத்திரி கனவுலயும் வருது."

"இந்த விளையாட்டோட சரித்திரம் தெரியுமா உனக்கு? பள்ளிக்கூடத்துல ஒரு பையன், காலால உதைக்க வேண்டிய பந்தக் கையில எடுத்துக்கிட்டு ஓடினான்னு சொல்வாங்க. நெசமோ பொய்யோ. அந்தப் பந்து எப்படிப்பட்ட பந்து? உள்ள பன்னியோட மூத்திரப்பை. அறுத்த பை காயறதுக்கு முன்னாடியே வாயில வெச்சு ஊதுவாங்க. அப்ப ஊதினவன் மூக்கப் புடிச்சிக்கிட்டு ஓடினானா?"

"ஊதினவன் ஒரு தடவதான ஊதியிருப்பான் கேப்டன். நான் பதினேழு ஆட்டமா முகர்ந்துக்கிட்டு இருக்கேன்."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. கோப்பைய வாங்கிக்கிட்டு நானே துவைக்கிறேன். அந்த ஸ்பேனர எடு."

ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துவிட்டு மூக்கன் வீட்டுக்கு வந்தான். குமட்டிக்கொண்டே வந்தான். இப்போது பன்றிப்பையும் கூடச் சேர்ந்துகொண்டது.

இரண்டு நாள் மௌனத்தை அவன் மனைவி அன்றுதான் முடித்தாள். மூட்டை தூக்கும் வேலை என்று கேட்டதும் இடுப்பில் கை வைத்து நின்றாள். "எங்கண்ணனா இருந்தா என்ன, உங்க மூக்க விடவா? அந்த டின்ன நான் வாங்கிட்டு வரேன், பாருங்க."

அண்ணனிடம் போய், டிரவுசரின் நாடா தளர்ந்திருக்கிறது, ஆட்டத்தின் நடுவில் கழன்றால் குடும்ப மானம் போய்விடும், தைத்துத் தருகிறேன் என்றாள். பீப்பாய் கண்கலங்கிவிட்டான். டின்னை அவள் கையில் கொடுத்து, "தைக்கலாம். துவைக்கக் கூடாது. என்மேல சத்தியம்" என்றான். தங்கையும் சத்தியம் செய்தாள். "நான் துவைக்க மாட்டேண்ணே."

துவைத்தது அவள் இல்லை என்பதால் சத்தியம் பிழைத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலை மூக்கன் லீவு போட்டுவிட்டு, மூக்கில் பஞ்சும் கையில் ரப்பர் உறையுமாகக் குளியலறைக்குள் நுழைந்தான். தொழிற்சாலையிலிருந்து பத்துக் கட்டி எலுமிச்சை சோப்பு வாங்கி வந்திருந்தான். அவனுக்கு மிகவும் பிடித்த சோப்பு அது. டின்னைத் திறந்ததும் பஞ்சு தானாக வெளியே விழுந்தது. முதல் வாளித் தண்ணீர் தார் போல வந்தது. இரண்டாவது, எஞ்சின் ஆயில். நான்காவது வாளியைக் கொட்டியபோது சாக்கடைத் துளையில் குடியிருந்த இரண்டு கரப்பான்பூச்சிகள் மேலே ஏறி வந்து, ஜன்னல் வழியாக வெளியேறின. நாடாவின் மடிப்புக்குள்ளிருந்து ஒரு பல் உருண்டு விழுந்தது. மனைவி கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

"எங்கண்ணன் பல்லா?"

"உங்கண்ணனுக்குத்தான் முன்பல்லு எப்பவோ போயிடுச்சே. இது யாரோ கடிச்சிட்டு விட்டுட்டுப் போனது."

இருவரும் முறைவைத்து ஓங்கரித்தார்கள். ஒன்பதாவது கட்டியில் டிரவுசருடைய நிறம் தெரிந்தது: நீலம். அணியில் எல்லோரும் அது காக்கி என்றே நினைத்திருந்தார்கள். காக்கியாகத்தான் திருப்பித் தர வேண்டும் என்பதால் காபித்தூளையும் தோட்டத்து மண்ணையும் குழைத்து, சுவருக்குப் பூசுவது போல் மேலே பூசிக் காயவைத்தார்கள். பார்வைக்குப் பழைய டிரவுசர்தான். முகர்ந்தால் எலுமிச்சந்தோட்டம்.

சனிக்கிழமை இறுதி ஆட்டம். முதல் ஸ்க்ரம். நடுவரின் குரலுக்குக் குனிந்து, கோத்து, மூக்கன் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் செருகினான். எலுமிச்சை. பதினேழு வாரத்தில் முதன்முறையாக அந்த இடத்தில் வைத்து ஒரு முழு மூச்சு இழுத்தான். உடம்பெல்லாம் பலம் ஊறியது. உன்னித் தள்ளினான்.

தள்ளியவன் பின்னால் போய்க்கொண்டிருந்தான்.

என்னவென்று புரிவதற்குள் எட்டுப் பேரும் ஐந்தடி பின்னால் வந்திருந்தார்கள். இரண்டாவது ஸ்க்ரமில் எட்டடி. இதற்கு முன்பெல்லாம் எதிரணி முன்வரிசை ஸ்க்ரமுக்குள் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், தொட்டாலே சாயும். நம்மைக் கண்டு நடுங்குகிறார்கள் என்று கேப்டன் சொல்வார். இன்று யாரும் முகத்தைத் திருப்பவில்லை, நடுங்கவும் இல்லை.

இடைவேளையில் ஒன்பதுக்குப் பன்னிரண்டு. எதிரணிக்குத்தான் பன்னிரண்டு. பீப்பாய் தண்ணீர் குடிக்காமல் நின்றான். "மாப்ள, என் காலுக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. தரை வழுக்குதா?"

"ஆமா மச்சான், வழுக்குது" என்றான் மூக்கன், தரையைப் பார்த்துக்கொண்டு.

கடைசிக் கட்டம். பதினைந்துக்குப் பதினைந்து. இவர்கள் காக்கிற எல்லைக்கோட்டுக்குப் பத்தடி முன்னால் ஸ்க்ரம். பதினாறு பேரும் குனிந்து கோத்து, நடுவரின் சொல்லுக்குக் காத்திருந்தார்கள். அந்த அமைதியில், பீப்பாய்க்கு எதிரே தலை கொடுத்திருந்த எதிரணிக்காரன் நல்ல மனதோடு ஒரு வார்த்தை சொன்னான்.

"என்னண்ணே, இன்னைக்குக் குளிச்சிட்டு வந்திருக்க போல? எலுமிச்ச வாசன தூக்குது."

பீப்பாயின் உடம்பு விறைத்தது. மூக்கனின் தலை அவனுக்கும் கொக்கிக்கும் நடுவே வகையாக மாட்டியிருந்தது. வெளியே எடுக்க வழியில்லை.

"மாப்ள."

"மச்சான்."

"தச்சது யாரு?"

"உங்க தங்கச்சிதான்."

"தொவச்சது?"

நடுவர் குரல் கொடுத்தார். பதில் தேவைப்படவில்லை. பீப்பாய் எதிரணியைத் தள்ளுவதை விட்டுவிட்டு, பக்கவாட்டில் மைத்துனனின் காதை நசுக்கினான். ஸ்க்ரம் சாய்ந்து சரிந்தது. ஸ்க்ரமை வேண்டுமென்று சரித்தால் குற்றம். தண்டனை உதைக்கு மூன்று புள்ளி. எதிரணி உதைத்தது. பதினெட்டுக்குப் பதினைந்து. கோப்பை அந்தப் பக்கம் போனது.

கைகுலுக்க வந்தபோது எதிரணிக்காரன் சிரித்துக்கொண்டே முழுக் கதையையும் சொன்னான். "போன தடவ உங்ககிட்ட தோத்தப்ப நாங்க தள்ளவே இல்லண்ணே. எல்லாரும் தலைய உள்ள விட்டதும் மூடி போட்ட சட்டி மாதிரி ஆயிடுச்சு. மூச்ச அடக்கிக்கிட்டு எங்க தள்ளறது? எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. வெளிய வந்து பாத்தா ஒரு பல்லு வேற காணோம்."

உடைமாற்றும் அறைக்கு வந்தார்கள். பீப்பாய் பெஞ்சில் உட்கார்ந்து, டிரவுசரை உடைந்த மூக்கில் வைத்து வைத்துப் பார்த்தான். அவனுக்கு எதுவும் தெரியவில்லை. "அப்ப பதினேழு ஆட்டமும் நான் ஜெயிக்கலையா, மாப்ள? இந்தத் துணியா ஜெயிச்சது?"

மூக்கனுக்குக் காது வலித்தது. அதைவிடக் கொஞ்சம் உள்ளேயும் வலித்தது. "தள்ளினது நீங்கதான் மச்சான். கூட நானும் தள்ளினேன்."

"மூச்ச அடக்கிக்கிட்டு நின்னவன யாரு வேணா தள்ளலாம்" என்றான் பீப்பாய். டிரவுசரைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டான்.

கேப்டன் எழுந்து போய் அதைக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்தார். காபி மண்ணைத் தட்டிவிட்டார். அவர் கண்ணில் வெட்கம் இல்லை, ஒளிதான் இருந்தது.

"ஒரு டவுசருக்கே பதினேழு ஆட்டம்" என்றார். "யோசிச்சுப் பாருங்கப்பா. அடுத்த வருஷம் பதினஞ்சு டவுசர்."

கைதட்டினார்கள். பதின்மூன்று பேர் கைதட்டினார்கள். மூக்கன் கைதட்டவில்லை, பீப்பாயும் தட்டவில்லை. இருவரும் ஒரே சமயத்தில் எழுந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒரே கதவு வழியாக வெளியே வந்தார்கள். மூக்கன் வாசலிலேயே குனிந்துவிட்டான். நாற்றத்துக்கு வராத வாந்தி அந்தக் கைதட்டலுக்கு வந்தது. பீப்பாய் அவன் முதுகைத் தடவிவிட்டான். மன்னித்துவிட்டான் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் ஓங்கியே தடவினான்.

திங்கட்கிழமை. ஐந்து சீசாக்கள். மேனேஜர் பேனாவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்.

"ரோஜா" என்றான் மூக்கன். சரி. "தாழம்பூ. ஒரு சொட்டு அதிகம்." சரி. மூன்றாவதை முகர்ந்து, "ஒண்ணுமே இல்ல. தண்ணி" என்றபோது அவனுக்கு அழுகை வந்தது. நான்காவது லாவண்டர். அதுவும் சரி. ஐந்தாவது சீசாவின் மூடியைத் திறந்தான்.

நாற்காலி பின்னால் சாய்ந்தது. கழுவும் தொட்டிக்கு ஓடினான். காலையில் சாப்பிட்டது, முந்தின நாள் சாப்பிட்டது எல்லாம் வந்தன. நடுவே ஒரு முறை தலையைத் தூக்கி, "எலுமிச்ச" என்று கூவிவிட்டுத் திரும்பவும் குனிந்தான். இனி அவன் மூக்குக்கு எலுமிச்சை என்றால் அந்த டிரவுசர்தான்.

மேனேஜர் மலைத்துப்போனார். முப்பது வருடத்தில் ஒரு வாசனையை இவ்வளவு ஆழமாக உணர்ந்த மூக்கை அவர் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவனை எல்லா சோப்புக்கும் பொதுவாக வைத்திருப்பது வீண் என்று முடிவு செய்து, அங்கேயே உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மதியத்திலிருந்து மூக்கன் எலுமிச்சைப் பிரிவுக்கு நிரந்தரம்.