நாலு கரண்டி சர்க்கரை

அவளுக்கு மூக்கு போய் நான்கு மாதம் ஆகிறது. மூக்கு என்றால் முகத்தில் இருக்கிற மூக்கு இல்லை. அது ஒரு குறையுமில்லாமல் அங்கேயேதான் இருந்தது. வாசனைதான் போயிற்று. ஒரு காய்ச்சல் வந்தது, ஒரு வாரம் படுக்கப் போட்டது, போகிறபோது அதையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. வேறொருத்தியாக இருந்தால், சாக்கடை நாற்றம் தெரியாது, நல்லதாய்ப் போயிற்று என்று இருந்திருப்பாள். இவளுக்குப் பிழைப்பே மூக்கில்தான் இருந்தது. காபிக்கொட்டை வாங்கி விற்கும் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகச் சுவை பார்க்கிற வேலை. ஒரு வாய் உறிஞ்சினால் போதும், கொட்டை சரியாகக் காய்ந்ததா, எங்கேயாவது ஊறிக் கெட்டதா என்று சொல்லிவிடுவாள். அவள் தலையாட்டினால்தான் கம்பெனி லாரி லாரியாக வாங்கும்.

நான்கு மாதமாகப் பழைய குறிப்பேட்டைப் பார்த்தும், கொட்டையின் நிறத்தைப் பார்த்தும் குத்துமதிப்பாக ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். விஷயம் புருஷன் ஒருவனுக்குத்தான் தெரியும். ஆனால் திங்கட்கிழமை, வருஷத்துக்கு ஒரு முறை வைக்கிற பரீட்சை. தட்டுக்கு மூன்று கப் வைப்பார்கள். இரண்டில் ஒரே காபி, ஒன்றில் மட்டும் வேறு. அந்த ஒன்றைக் காட்ட வேண்டும். பத்துத் தட்டில் எட்டுத் தட்டாவது சரியாக வராவிட்டால் வேலை போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டிலேயே ஒத்திகை. உதவிக்குப் புருஷன்தான். டைல்ஸ் ஒட்டுகிறவன். காபி விஷயத்தில் அவன் சுத்த சூனியம் என்பது அவளுடைய பதினெட்டு வருஷத் தீர்ப்பு. நாள் முழுக்க உறிஞ்சிவிட்டு வருகிறவள் வீட்டில் காபியைத் தொடமாட்டாள். அவனுக்கு மட்டும், கடையில் இருப்பதிலேயே மலிவான தூளில் போட்டுக் கொடுப்பாள். அதில் அவன் நாலு கரண்டி சர்க்கரை கொட்டிக்கொள்வான். "காபி குடிக்கிறீங்களா, சர்க்கரையைக் கரைச்சுக் குடிக்கிறீங்களா?" என்று அவள் கேட்காத நாளில்லை. விலை கூடிய காபி என்று பேச்செடுத்தாலோ, "அந்தக் காசுக்கு ஒரு குளியலறைக்கே தரை போட்டுடலாம்மா" என்பான்.

சமையலறையில் அவன் கப்பில் ஊற்றி எடுத்துவர வேண்டும். வேறாக இருக்கிற கப்பின் அடியில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

முதல் தட்டின் மூன்று கப்பையும் உறிஞ்சினாள். மூன்றும் அவளுக்குச் சுடுதண்ணீர்தான். ஏதோ ஒன்றைக் காட்டிவிட்டுக் கப்பைத் தூக்கிப் பார்த்தாள். புள்ளி இல்லை. மற்ற இரண்டையும் தூக்கினாள். ஒன்றிலும் இல்லை.

"புள்ளி எங்கங்க?"

"அடடா, மறந்தே போச்சு!"

"ஒரு வேலை, ஒரே ஒரு வேலை சொன்னேன்! நாளைக்கு என் வேலையே போகப் போகுது, உங்களுக்கு ஒரு புள்ளி வைக்க முடியலையா?" கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, இதுக்குப் போய் அழுவாங்களா? புள்ளி எதுக்கு? இரு." மூன்றிலும் ஒரு வாய் குடித்தான். "நடுவுல இருக்கே, அதுதான் வேற."

"ஊத்தினது ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் எங்க இருக்கு? குடிச்சாத் தெரியுதே."

அவள் எழுந்தாள். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆறு தட்டுக்குத் தானே புள்ளி வைத்தாள், தானே ஊற்றினாள். அவன் நின்றபடியே குடித்துக்கொண்டு போனான். இது, இது, அப்புறம் அது. ஆறுக்கு ஆறு! அடேங்கப்பா, அவள் முதல் வருஷத்தில் ஆறுக்கு மூன்று தேற்றவே முக்கி முனகியிருக்கிறாள்.

"எப்படிங்க?"

"எல்லாருக்கும் தெரியறதுதானே?" அவன் நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

"அப்ப எதுக்கு நாலு கரண்டி சர்க்கரை?"

அவன் தயங்கினான். "நம்ம வீட்டுத் தூள்ல சாக்கு வாசனை, கருகின வாசனை, டப்பாவோட துரு, எல்லாம் தனித்தனியா நாக்குல ஏறும்மா. சர்க்கரை போட்டாத்தான் அடங்கும்."

"ஒரு நாளாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீயே களைச்சுப் போய் வர்ற. அதுலயும் எனக்குன்னு போட்டுக் குடுக்கற."

 பொய் சொல்வானேன், இத்தனை பெரிய நாக்கு நமக்கு வாய்க்காமல் போயிற்றே என்று அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள். கம்பெனிக்கு வருவதிலேயே விலை கூடிய கொட்டை. சர்க்கரை இல்லாமல் ஒரு கப் போட்டு நீட்டினாள்.

ஒரு வாய்தான் குடித்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். 

"இதுல எதையும் அடக்க வேண்டியதில்லம்மா" என்றான், கோயிலில் பேசுகிற மாதிரி மெதுவாக. "என்ன விலை?"

"கிலோ, உங்க நாலு நாள் கூலி."

அவன் சிரிப்பான் என்று நினைத்தாள். "குடுக்கலாம்" என்றான்.

"என்ன வருதுன்னு சொல்லுங்க. எனக்குத் தெரியல, நீங்க சொல்லுங்க."

"முதல்ல எலுமிச்சந்தோலை நகத்தால கீறின மாதிரி. அது போனதும் தேன். கடைசியில பச்சை மரத்தை இழைச்சா வருமே, அது."

அவள் போன வருஷக் குறிப்பேட்டைப் புரட்டினாள். அதே தோட்டத்துக் கொட்டைக்கு அவள் கைப்பட எழுதியிருந்தது: எலுமிச்சை, தேன், புது மரம்.  அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மறுபடி குடிக்கச் சொன்னாள், மறுபடி சொல்லச் சொன்னாள்.

"நாளைக்கு நான் பக்கத்துல நின்னு இருமட்டுமா? ஒரு இருமல்னா முதல் கப்பு" என்றான் அவன்.

"ஏமாத்தினது போதும். நாளைக்கு நீங்க என்கூட வாங்க."

திங்கட்கிழமை மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. இருந்தாலும், இவ்வளவு சொல்கிறாளே என்று பரீட்சைத் தட்டுகளைப் புருஷன் முன்னால் வைத்தார். பத்துக்குப் பத்து. மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அன்று வாங்குவதாக இருந்த, கப்பலில் வந்த மூட்டைகளின் காபியை ஊற்றினார்.

"இது எப்படி இருக்கு?"

"ஓதம் ஏறின சுவர்ல சுண்ணாம்பு உரியற மாதிரி இருக்கு சார். அதுக்கு அடியில கொஞ்சம் உப்பு."

"அப்படின்னா?" அவர் விழித்தார். "வாங்கலாமா, வேண்டாமா?"

அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஓரமாக நின்றிருந்த அவளுக்குக் கப்பிலிருந்து ஒரு வாசனையும் வரவில்லை. ஆனால் அவன் சொன்னதைக் கேட்டதுமே, அந்த மூட்டை பட்ட பாடு முழுக்க அவள் கண்முன் வந்துவிட்டது.

"வேண்டாம் சார்" என்றாள். "கப்பல்ல கடல் தண்ணி பட்டிருக்கு. யாரோ மறுபடி காயவெச்சு மூட்டை கட்டியிருக்காங்க."

 மேலாளர் மூட்டைகளோடு வந்த காகிதங்களைப் பிரித்துப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியில் விரலை வைத்து, அவளைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு சுவரோரம் கிடந்த நாற்காலியைத் தானே இழுத்து வந்து, அவள் புருஷனுக்குப் பக்கத்தில் போட்டார்.

"உக்காருங்கம்மா. அடுத்த தட்டு வருது."