பத்து மணி வெயில்

ஆயம்மாளை உப்புமூட்டையாக முதுகில் ஏற்றிக்கொண்டு பால்சாமி மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், கட்டின பெண்டாட்டியை, பட்டப்பகலில், போடி ஸ்டேசனுக்கு எதிர்த்த தெருவில், நாலு குடித்தனம் பார்க்க! முதல் நாள் கீழ்வீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இது ஒன்பதாவது நாள். இப்போது யாரும் சிரிப்பதில்லை. வழியில் கிடக்கும் செருப்பு, வாளியை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார்கள்.

"மூச்சு வாங்குதா?" என்றாள் ஆயம்மாள் அவர் காதோரம்.

"ஒனக்கா, எனக்கா?"

"ஒங்களுக்குத்தான். எனக்கு வாங்குறதுதான் ஊருக்கே தெரியுமே."

மொட்டை மாடியில் மாசி மாதத்து வெயில் பளிச்சென்று விழுந்து கிடந்தது. கயிற்றுக் கட்டிலில் அவளை இறக்கி, தலையணையை முதுகுக்கு அண்டக் கொடுத்து, கால் இரண்டையும் எடுத்து நீட்டிவிட்டார். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிற வீக்கம். அதைப் பார்க்காதவர் மாதிரி சேலையை இழுத்து மூடினார். மேற்கே மலை, எட்டித் தொடலாம் என்கிற மாதிரி நின்றது.

"நாளைக்கு இந்நேரம் அங்கன இருப்போம்," என்றாள் அவள்.

பால்சாமி தலையணையை இன்னும் கொஞ்சம் ஏற்றி வைத்தார். இருதயம் வீங்கிவிட்டது, படி ஏறக் கூடாது, பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வாரமாகிறது. "படி ஏறுறது இவரு. பேசாம இருக்குறதுக்கு நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று அந்த மனிதரிடமே கேட்டுவிட்டு வந்தவள் இவள்.

போன சித்திரைத் திருவிழா முடிந்த மறுநாள் ராசிங்காபுரத்தை விட்டுக் கிளம்பினார்கள். பிள்ளை குட்டி கிடையாது. காட்டைத் தம்பி ஜக்கையன் பொறுப்பில் விட்டாயிற்று. "முப்பத்தேழு வருசமா வரப்பத் தவிர எதைப் பாத்தோம்? ஒரு வருசம் ஊரு சுத்துவோம்," என்று ஒரு தகரப் பெட்டியோடு அவள் நடக்க, பால்சாமி பின்னால் போனார். பெண்டாட்டி சொல்லைக் கேட்டு மனுசன் கெட்டுப் போனான் என்று ஊர் பேசியது. பேசட்டுமே! காசி, கயா, கல்கத்தா, பூரி. கல்கத்தாவில் டிராம்காரனிடம் தமிழிலேயே சண்டை போட்டு ஜெயித்தாள். காசியில் பித்தளைச் சட்டம் போட்ட ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கினாள். பத்தாவது மாதம் கன்னியாகுமரிக் கரையில் படி இறங்கும்போதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ரயிலேறிப் போடி வந்து இறங்கினார்கள். யுத்தத்தின்போது பிடுங்கின தண்டவாளத்தைத் திரும்பப் போட்டிருந்த நேரம். அங்கிருந்து வீடு ஆறு மைல். ஆனால் ஆயம்மாள் அசையவில்லை.

"ஒரு வருசம்னு சொல்லிட்டுத்தான கெளம்புனோம்? இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு. வீட்டுக்குப் போனா மூலையில பாயப் போட்டு என்னையக் கெடத்தி, வர்றவ போறவ எல்லாம் மூக்கச் சிந்துவா. இங்கன ஒரு ரூம்பு புடிங்க. நல்லா வெயில் அடிக்கிற ரூம்பா."

பிடித்தார். மாடிக்கு வந்த மூன்றாம் நாள் அவள் மலையைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "ஏங்க, காசி வரைக்கும் போனோம். பொறந்ததுலருந்து கண்ணு முன்னால நிக்குது, இந்த மலைக்குப் போனதில்லையே!"

போனதில்லைதான். மலை என்பது ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர்களின் சோலி. காடு கரை வைத்து உழுகிற சம்சாரி வீட்டில் யாரும் ஏற மாட்டார்கள். மலைக்காய்ச்சல் பயம் வேறு. மழை வருமா என்று பார்க்க மட்டும்தான் அந்தப் பக்கம் தலையைத் தூக்குவார்கள்.

"மேலருந்து நம்ம காட்டைப் பாக்கணும்," என்றாள். "அம்புட்டுத்தான் எனக்கு."

கீழ்வீட்டில் குடியிருந்த முனியசாமி ஒரு ஏலத்தோட்டத்தில் ஜீப்பு ஓட்டுகிறவன். திங்கட்கிழமையே கூட்டிப் போகிறேன் என்றான். "சாரமில்லண்ணே, ஒண்ணும் ஆகாது, அசையாமக் கொண்டு போறேன்," என்று மலையில் ஒட்டிக்கொண்ட மலையாளத்தில் தைரியமும் சொன்னான். பால்சாமிதான், உடம்பில் கொஞ்சம் தெம்பு வரட்டும், வியாழக்கிழமை போகலாம் என்று தள்ளிப் போட்டார். தெம்பாவது ஒண்ணாவது! அவருக்குப் பயம். ஏறின மலையிலிருந்து ஒற்றை ஆளாக இறங்க வேண்டி வந்துவிடுமோ என்று.

தெருவில் மாட்டுவண்டிச் சத்தம் கேட்டது. இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே வந்தான் ஜக்கையன். நாற்பத்திரண்டு வயசு ஆள், கையில் தூக்குவாளி.

"மதினி, கெளம்புங்க. வண்டியில வைக்கோலப் பரப்பி மேல ரெண்டு ஜமுக்காளம் விரிச்சிருக்கேன். நோகாமக் கொண்டு போயிருவேன்."

"எங்க அப்பு?"

"எங்கயா? நம்ம வீட்டுக்கு!"

"வீடு எங்கயும் ஓடிறாது. நாளைக்கு நாங்க மலைக்குப் போறோம்."

ஜக்கையன் அண்ணன் பக்கம் திரும்பினான். "அண்ணே, நீயாவது சொல்லேன். டாக்டரு என்ன சொன்னாரு? இந்த ஒடம்ப மலைக்குக் கொண்டு போனா பாதி வழியில..." மிச்சத்தை விழுங்கினான்.

"பாதி வழியில செத்துப் போவேன், அதான?" என்றாள் ஆயம்மாள். "பாதி மலையப் பாத்திருப்பேன்ல."

பால்சாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வாயைத் திறந்தால் தம்பி பக்கம் சாய்ந்துவிடுவோம் என்று அவருக்கே தெரிந்தது.

"அப்பு, இங்க வா. உக்காரு." அவள் இடுப்புச் சுருக்குப்பைக்குப் பக்கத்தில் செருகியிருந்த கண்ணாடியை எடுத்தாள். "நாளைக்குப் பத்து மணிக்கு நம்ம கெணத்து மேட்டுல நின்னு கண்ணாடி அடிக்கிறியா? மேலருந்து பாத்தா எல்லாக் காடும் ஒண்ணு போலத்தான் இருக்குமாம், முனியசாமி சொல்றான். நம்மது எதுன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

ஜக்கையன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்தபோது அவன் தாயில்லாத ஐந்து வயதுப் பிள்ளை. குளிப்பாட்டினது, பேன் பார்த்தது, சோறு ஊட்டினது எல்லாம் அவள்தான். கொஞ்சம் வளர்ந்து மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கப் போனான். மத்தியானம் அவள் கிணற்று மேட்டில் ஏறி நின்று கண்ணாடியில் வெயிலைப் பிடித்து அந்தப் பக்கம் அடிப்பாள். ஒரு தடவை மின்னினால் சோறு ஆகிவிட்டது. இரண்டு தடவை மின்னினால் வெரசா வா. டவுசர் பையில் வைத்திருக்கும் உடைந்த கண்ணாடிச் சில்லால் அவன் ஒரு தடவை பதிலுக்கு அடிக்க வேண்டும். வர்றேன் என்று அர்த்தம். பதில் வராவிட்டால் தானும் சாப்பிட மாட்டாள். வெயிலில் நின்று அடித்துக்கொண்டே இருப்பாள்.

"நான் என்ன இன்னும் ஆடு மேய்க்கிற பயலா?" அவன் எழுந்துவிட்டான். "நீங்க மலையேறிச் சாவீங்க, நான் கீழ நின்னு கண்ணாடி காட்டணுமா? நம்மால ஆகாது மதினி. என்னயக் கேக்காதீங்க."

தூக்குவாளியை ணங்கென்று வைத்துவிட்டு இறங்கிப் போனான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

"கோவம் வந்தா அவனுக்குக் காது செவந்துரும், சின்னப் பிள்ளையிலருந்தே," என்று சிரித்தாள் ஆயம்மாள். "பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன். சாப்பிடு."

ஜக்கையன் பெண்டாட்டி சோலையம்மாள் கம்மஞ்சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் கொடுத்தனுப்பியிருந்தாள். இரண்டு வாய் வாங்கினாள். "உப்பு கம்மி. பத்தியமாக்கும்!" என்று முகத்தைச் சுளித்தாள். கண்ணாடியை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு சாய்ந்தாள். அதிலிருந்து ஒரு வெளிச்ச வட்டம் படிக்கட்டுச் சுவரில் விழுந்து, அவள் மூச்சோடு மூச்சாக ஏறி இறங்கியது.

"ஏங்க, நாளைக்கு என்னால வர முடியாமப் போனா நீங்க போகணும்."

"சும்மா கெட புள்ள."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. மிச்சம் ரெண்டு மாசத்தையும் சுத்தி முடிச்சிட்டுத்தான் வீட்டுக்கு வரணும். மூலையில குந்திக்கிறக் கூடாது."

"சரி."

"சத்தமாச் சொல்லுங்க."

"சரிங்கிறேன்ல!"

"கோவத்தப் பாரு. வெயில் சொகமா இருக்குங்க. தண்ணி மட்டும் கொஞ்சம் கொண்டாங்க."

அவர் கீழே போய்ப் பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டுகொண்டு வந்தார். கடைசிப் படியில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். சுவரில் வெளிச்ச வட்டம் ஆணி அடித்த மாதிரி அசையாமல் நின்றது. பால்சாமி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கட்டில் பக்கம் திரும்பிவிட்டால் அது நிஜமாகிப் போகும். பிறகு திரும்பினார். பக்கத்தில் உட்கார்ந்து, "ஏ புள்ள," என்றார். "திங்கக்கெழமையே போயிருக்கணும் புள்ள," என்றார். அழுகை வாய்விட்டு வந்துவிட்டது.

முனியசாமிதான் ஜக்கையனைக் கூட்டிவர ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடினான். அவன் போடி எல்லையைக்கூடத் தாண்டவில்லை. போன வண்டியே திரும்பி வந்தது. உயிரோடு அவளை நோகாமல் கொண்டுபோக விரித்த வைக்கோலும் ஜமுக்காளமும் அப்படியே இருந்தன. அதிலேயே படுக்க வைத்தார்கள். ஆறு மைலும் பால்சாமி அவள் தலைமாட்டில் உட்கார்ந்து வந்தார். குழி குண்டு வந்தால் மட்டும் ஜக்கையன் கீழே குதித்து, மாட்டைப் பிடித்து, சக்கரம் குலுங்காமல் மெதுவாக நடத்தினான்.

கொள்ளி வைத்தது அவன்தான். யாரும் சொல்லாமலே தலையை மழிக்க உட்கார்ந்தான். பெற்ற பிள்ளை இருந்திருந்தாலும் இப்படிச் செய்திருக்க மாட்டான் என்று ஊரே பேசியது. ஆனால் கருமாதி முடிகிற வரைக்கும் அண்ணன் முகத்தை அவன் நேருக்கு நேர் பார்க்கவில்லை. பால்சாமி அவளை மலைக்கும் கூட்டிப் போகவில்லை, வீட்டுக்கும் கூட்டி வரவில்லை. இரண்டுங்கெட்டானாக நின்ற மனுசன் என்ன பேசுவார்?

கருமாதி முடிந்து அடுத்து வந்த வியாழக்கிழமை விடிகாலையில் அவர் தகரப் பெட்டியைத் தூக்கினார். சோலையம்மாள் பதறிப் போனாள்.

"இந்த நெலமையில எங்க போறீங்க?"

"முனியசாமி ஜீப்பு மலைக்குப் போகுது. அங்கிட்டுப் போயிட்டு, அப்பறம் எங்கன தோணுதோ அங்கன. ரெண்டு மாசத்துல கொஞ்சம் மிச்சம் கெடக்கு. சித்திரைக்குத் திரும்பிருவேன்."

பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள். நாலு பேர் வழி மறித்துப் புத்தி சொன்னார்கள். ஜக்கையன் கிணற்றடியில் தண்ணீர் இறைக்கக் கமலைக்கு மாடு பூட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, வர்றேன்."

அவன் கயிற்றை இறுக்கிக் கட்டினான். திரும்பவில்லை. மொட்டைத் தலையில் முளைத்திருந்த முடி மட்டும் தெரிந்தது. காது சிவந்திருந்ததா என்று அந்த மங்கலில் தெரியவில்லை.

மலைப்பாதையில் ஜீப்பு முனகிக்கொண்டு ஏறியது. ஒவ்வொரு வளைவுக்கும் காற்று குளிர்ந்தது. பால்சாமி பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். இவ்வளவுதானா, இந்தப் பாதைக்கா அப்படிப் பயந்தோம் என்று வளைவுக்கு வளைவு எட்டிப் பார்த்தார். ஒரு பெரிய வளைவில் முனியசாமி வண்டியை நிறுத்தினான்.

"எஞ்சினு கொதிச்சிருச்சு. ஊத்துத் தண்ணி ஊத்திட்டுப் போவம். எறங்கிப் பாருங்கண்ணே, இங்கருந்து எல்லாம் தெரியும்."

எல்லாம் தெரிந்தது. அதுதான் சங்கடம். பச்சையும் செம்மண்ணுமாகச் சதுரம் சதுரமாக வெயிலில் விரிந்து கிடந்தது கீழ்நாடு முழுவதும். போடி எது, ராசிங்காபுரம் எது, தேவாரம் எது? உழுது, விதைத்து, கட்டிப் புரண்டு கிடந்த மண் எது என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"மணி என்ன?"

"பத்து அஞ்சு."

சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்து அவளுடைய கண்ணாடியை எடுத்து வேட்டியால் துடைத்தார். எதற்கென்று தெரியாது; துடைத்தார். சும்மா அவள் பேச்சுக்காக வந்து பார்த்தாயிற்று, போகலாம் என்று எழுந்தார்.

கீழே ஓர் இடத்தில் சுருக்கென்று ஒரு வெளிச்சம்.

ஓடைத் தண்ணீராக இருக்கும் என்று நினைத்தார். அது அணைந்தது. பிறகு பழக்கம் விட்டுப்போன கை தடுமாறுகிற மாதிரி இங்கும் அங்கும் அலைந்து, திரும்ப அவர் கண்ணில் வந்து குத்தியது. ஒன்று. இரண்டு. கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் ஒன்று, இரண்டு.

"அங்க பாருடா முனியசாமி!" என்று கத்தினார் பால்சாமி. "அதுதான் எங்க காடு! அந்தா, அதுதான் கெணத்து மேடு! அந்தப் பக்கம் புளியமரம், தெரியுதா?" கன்னத்தில் ஓடுகிற தண்ணீரைத் துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை. கண்ணாடியைச் சூரியனுக்கு நேரே பிடித்துத் திருப்பினார். அந்த இருவருக்குள் ஓடின விளையாட்டு அது. அவர் ஒருநாளும் ஆடினதில்லை. வெளிச்சம் ஏலச்செடி மேல் ஓடியது, பாறையில் ஏறியது, அவர் கால்மாட்டிலேயே விழுந்தது.

"அண்ணே, எஞ்சினு ஆறிருச்சு. கெளம்புவமா? மேல லோடு காத்துக்கெடக்கு."

"பொறுய்யா. பதில் சொல்லாமப் போனா பாவி மகன் சாப்பிடாம வெயில்ல நிப்பான்."

மணிக்கட்டை மெதுவாகச் சாய்த்தார். வெளிச்ச வட்டம் ரோட்டின் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கியது. ஒரே ஒரு தடவை.

கிணற்று மேட்டில் மின்னிக்கொண்டிருந்தது நின்றது.