முதல் வளைவில் ஒரு சொல்

1

இந்தக் கதையின் முக்கியமான சொல் எனக்கு நிச்சயமில்லை. கார் ஓட்டிய மயூரதன் வோக்கி டோக்கியில் "வாறன்" என்றானா, "உள்ளை வாறன்" என்றானா? வோக்கி இருந்த மேசைக்குப் பக்கத்தில்தான் நான் நின்றேன். இரண்டாவதைச் சொல்லியிருந்தால் எழுத எதுவுமில்லை. ஆகவே முதலாவதை வைத்துக்கொள்கிறேன். என் ஞாபகம் கதைக்கு ஏற்றபடி வளைகிறதோ என்ற சந்தேகம் இருக்கிறது.

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

"வெளிநாட்டுக் கார்க் கம்பனியும் கொக்குவில் கராச்சும் கைகோத்த அந்தப் பொன்னான..." [இது விளம்பரம்.]

"எஞ்சின் நின்றபோது பனைகளுக்கு மேலே..." [பனைகள் எல்லாக் கதைகளிலும் நிற்கின்றன. இதில் வேண்டாம்.]

நேராகச் சொல்கிறேன். ஒரு கம்பனி தன் புதிய சிறிய காரை நெடுநேர ஓட்டப் போட்டியொன்றில் காட்ட விரும்பியது. கொக்குவிலில் வாகனம் திருத்தும் கராச் வைத்திருந்த லெனாட்டின் அணியுடன் கூட்டுச் சேர்ந்தது. சாவகச்சேரிக்கு அப்பால் மண்பாதையில், காலையிலிருந்து பொழுதுபடும்வரை ஓட்டம். கார் ஓடி முடித்தால் கூட்டுத் தொடரும். மயூரதன் சம்பளத்துக்குக் கார் ஓடுவான். முடிக்காவிட்டால் அவனுக்குக் கனடா. அங்கேயிருந்த தமையன் எல்லா ஒழுங்கும் செய்துவைத்திருந்தார். அவனுக்குப் போக விருப்பமில்லை.

3

கம்பனியிலிருந்து வந்தவரை முதலில் கெட்டவராக எழுதினேன். சரிவரவில்லை. அவர் மலைநாட்டு ஹற்றன்காரர், தன் சோற்றுப் பார்சலைப் பிரித்து எங்களுக்கும் தந்தவர்.

பெற்றோல் அடித்துத் தரிப்பிடத்திலிருந்து* புறப்படும்போதெல்லாம் மயூரதன் "வாறன்" என்பான். வோக்கிக்குப் பொறுப்பாயிருந்த அவன் தங்கை ஆரபி, "ஓம், போட்டு வாங்கோ" என்று வழியனுப்புவாள்.

"போறவரு எதுக்கு வாரேன்னு சொல்றாரு?" என்று ஹற்றன்காரர் சிரித்தார்.

"போறன் எண்டால் ஆள் திரும்பி வராது, சேர்," என்றார் லெனாட். "உங்கடை காரும் வராது."

"அப்ப நெசமாவே வரும்போது என்னா சொல்வாரு?"

"உவன் வாறது சொல்லியே தெரியவேணும்? சத்தம் சந்தை வரைக்கும் கேக்கும்."

[எல்லோரும் சிரித்தோம். இந்தச் சிரிப்பை வெட்டப் பார்த்தேன். நடந்தது, இருக்கட்டும்.]

* தரிப்பிடம் பெரிய சொல். ஒரு தறப்பாள் கூரை, ஒரு மேசை.

4

பின்னேரம் அவசரமாகப் புறப்பட்டதில், வழமையான சொல்லை மயூரதன் சொல்ல மறந்தான். முதல் வளைவில் எஞ்சினின் வெப்பமுள் ஏறுவதைக் கண்டான். தரிப்பிடத்துக்குள் வருவதைச் சொல்ல வோக்கியை அழுத்தினான்.

"வாறன்."

விடைபெறும் சொல்லைப் பிந்திச் சொல்கிறான் என்று ஆரபி நினைத்தாள். "ஓம், கவனமாப் போட்டு வாங்கோ."

எஞ்சின் இரைச்சலில் அவனுக்குக் கேட்டது "ஓம்" மட்டும்.

சுற்று முடிந்து தரிப்பிடத்துக்குள் நுழைந்தான். தண்ணீர் வாளியுடன் யாருமில்லை. லெனாட் பின்னால் கைகழுவிக்கொண்டிருந்தார். மறிக்க வேண்டாம், ஓடு என்று லெனாட் அண்ணை முடிவெடுத்துவிட்டார் என்று நினைத்தானாம். நிறுத்தாமல் வெளியேறினான். அடுத்த சுற்றின் பாதியில் எஞ்சின் சூட்டில் இறுகி நின்றுபோனது.

அவன் இன்னொரு தரம் கேட்டிருந்தால், ஆரபி ஒருக்கால், லெனாட் அந்த நேரம்...

[இந்த வாக்கியம் எப்படி எழுதினாலும் யாரோ ஒருவர் தலையில் போய் விழுகிறது. விடுகிறேன்.]

5

காரை இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

"நீ ஏன்ரா நிக்கேல்லை?" என்றார் லெனாட்.

"நீங்கள் ஏன் அண்ணை நிக்கேல்லை?" என்றான் மயூரதன்.

ஒரே சொல், ஒருவர் கார் நிற்காததைக் கேட்டார், மற்றவன் ஆள் அங்கே நிற்காததைக் கேட்டான். ஆரபி வோக்கியை மேசையில் வைத்தாள். பிறகு யாரும் கதைக்கவில்லை. அந்த மௌனத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதியதெல்லாம் அதைச் சுற்றியுள்ள பேச்சு.

6

வேறு முடிவொன்றும் எழுதிப் பார்த்தேன். லெனாட் காரைக் கண்டு ஓடிவருகிறார், எஞ்சினின் பொனற் மூடி திறக்கிறது, தண்ணீர், பொழுதுபட அவர்கள் முடிக்கிறார்கள். ஆரபிக்கு அனுப்பினேன்.

"உது வடிவாத்தான் இருக்கு," என்று பதில் எழுதினாள். "ஆனால் உதிலை நான் இல்லை."

இன்னொன்றில் ஹற்றன்காரர் கம்பனிக்கு விளக்கி இன்னொரு சந்தர்ப்பம் வாங்குகிறார். உண்மையில் அவர் முயன்றார். அந்த ஒரு சொல்லை அறிக்கையில் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை என்றார்.

உங்களுக்கு இவற்றில் ஒன்று பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். என்னால் முடியவில்லை.

7

கார் கொழும்புக்குத் திரும்பியது. கம்பனி வேறோர் அணியுடன் சேர்ந்தது. ஹற்றன்காரர் வேலை மாறிவிட்டார். லெனாட் ஓட்டோ திருத்துகிறார். ஆரபி கொக்குவிலுக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் மருந்துக்கடையொன்றில் நிற்கிறாள். மயூரதன் கனடாவில் பாரவண்டி ஓட்டுகிறான். ஞாயிறுகளில் தங்கையுடன் கதைக்கிறான். அவளுடைய மகள் மாமாவை வீடியோவில் மட்டுமே கண்டிருக்கிறாள்.