காய்

மகள் ஸ்பின்னில் ஆராய்ச்சி செய்கிறாள் என்றதும், முத்துப்பேச்சியின் அப்பா அவளுக்கு ஏதோ பெரிய நூல் மில்லில் வேலை கிடைத்துவிட்டதாகச் சாணார்பட்டி முழுக்கச் சொல்லிவிட்டார். அவள் திருத்தவில்லை.

அவளுடைய ஸ்பின் அணுவுக்குள் இருக்கும் குட்டிக் காந்தம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு, ஒன்றை விட்டு இன்னொன்றைப் பற்றிப் பேசவே முடியாதபடி பின்னிக்கொள்ளும். வெளியிலிருந்து காந்தப்புலத்தை ஏற்றினால் இரண்டும் ஒரே பக்கம் திரும்பிவிடும், பின்னல் அற்றுப்போகும். அவள் வரைபடமோ தலைகீழாக வந்தது. புலம் ஏறியபோது பின்னலும் ஏறியது. திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். "இதைக் கொண்டுபோனா வாசல்லயே திருப்பி அனுப்பிருவாங்கம்மா" என்றார் வழிகாட்டி.

பிழை எங்கே என்று தேடி அலுத்துவிட்டாள். அந்த வரைபடத்தைப் போடும் கணினி நிரலின் முதல் பாதியை எழுதியவள் ஆனந்தி. தன் அப்பா இடுப்பு விழுந்து படுத்துவிட்டதும் ஆராய்ச்சியை விட்டுவிட்டு நிஜமாகவே நூல் மில்லுக்கு வேலைக்குப் போனவள். "பாதியில விட்டுட்டு ஓடுறியேடி" என்று முத்துப்பேச்சி கேட்டதோடு பேச்சு நின்றுபோனது.

நாகல் நகரில் மில் வேன் நிற்கும் இடத்தில், பேக்கரி வாசலில் காத்திருந்தாள். ஆனந்தி முடியெல்லாம் பஞ்சுத்தூசியோடு இறங்கினாள்.

"என்ன டாக்டரம்மா, வழி தவறி வந்துட்டீகளா?"

"இந்த வரைபடம் டாக்டர் ஆக விடாது போலடி. செத்த நேரம் இதைப் பாரு."

பன்னும் டீயும் வந்தன. ஆனந்தி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். எதிரே, மோட்டார் வைண்டிங் கடைக்கு மேலே அவர்கள் வாடகைக்கு இருந்த மாடி அறை. கீழே கடை மூடிக் கிடந்தது. மேலே யாரோ கோழித்தீவன மூட்டை அடுக்கியிருந்தார்கள். அப்போதெல்லாம் கீழே மோட்டார் சுருளுக்குப் பூசும் வார்னிஷ் நாற்றத்தில் தலைவலியோடுதான் படித்தார்கள். இப்போது அது ஒரு தடவை மூக்கில் ஏறினால் போதும் என்றிருந்தது முத்துப்பேச்சிக்கு.

அங்கேதான் பெயர் வைத்தார்கள். எதிரும் புதிருமாகப் பின்னிக் கிடக்கும் ஜோடிக்குக் காய். ஒரே பக்கம் பார்க்கும் ஜோடிக்குப் பழம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சண்டைக்குக் காய் விடுவதும், சேர்ந்துகொள்ளப் பழம் விடுவதும் மாதிரி. நிரலிலும் அதே பெயர்கள்தான்.

ஆனந்தி சத்தமாகச் சிரித்தாள். "ஏ கூறுகெட்டவளே, காய்க்கு நேரா பின்னல் பூஜ்யம்னும் பழத்துக்கு ஒண்ணுன்னும் போட்டு வச்சிருக்க!"

"காய்னா சண்டைதான? ஒட்டு இல்ல, உறவு இல்ல. அப்ப பூஜ்யம்தான?"

"பழம் விட்டுட்டா அவளவ சோலியப் பாக்கப் போயிருவா. காய் விட்டாத்தான்டி இவ என்ன பண்றா, எங்க பாக்குறான்னே நெனப்பு ஓடும். இவ கெழக்க திரும்புனா அவ மேக்க திரும்புவா. அதான பின்னல்? இதச் சொல்லித்தான பேரே வச்சோம்!"

"மறந்து போச்சு."

"நல்லா மறந்த போ."

ஆனந்தி இரண்டு எண்களையும் இடம் மாற்றி நிரலை ஓட்டினாள். கோடு உயரத்திலேயே கொஞ்ச தூரம் போனது. புலம் ஓர் அளவைத் தாண்டியதும் தடாலென்று விழுந்தது. விழ வேண்டிய இடத்திலேயே விழுந்தது.

முத்துப்பேச்சி மூச்சு விட்டாள். பிறகு, பழம் விட விரலை நீட்டினாள்.

ஆனந்தி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "ஒண்ணும் வேணாம். காயாவே கெட." சொல்லிவிட்டு முத்துப்பேச்சியின் பன்னில் பாதியைப் பிய்த்துக்கொண்டாள்.