இன்பாவின் காலுறை

சனிக்கிழமை காலையில் வந்த மின்னஞ்சலை நிரூபா மூன்று முறை படித்தாள். முதல் முறை நம்பவில்லை. இரண்டாம் முறை இணைத்திருந்த படங்களைத் திறந்து பார்த்தாள். மூன்றாம் முறை உள்ளங்காலில் பிடித்த சூடு உச்சந்தலையில் போய் நின்றது.

புலம்பெயர்ந்தோர் நடத்தும் செவன் ஹில்ஸ் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் அரிச்சுவடிக்காக அவள் உருவாக்கிக் கொடுத்த மூன்று பிள்ளைப் பாத்திரங்களையும் குழு 'சிறிது திருத்தி' இருக்கிறதாம். திங்களன்று அச்சுக்குப் போகிறதாம். அட்டையில் 'ஓவியம்: நிரூபா' என்று கொட்டை எழுத்தில் வேறு.

நான்கு மாத வேலை அது. ஒரு பாத்திரத்தை வரைவதென்றால் கண்ணையும் மூக்கையும் கொண்டுபோய் ஒட்டுவதல்ல. முதலில் வடிவம் வேண்டும். சேந்தன் பிடிவாதக்காரன், ஆகவே பெட்டி மாதிரிச் சதுரம். துளசி ஓரிடத்தில் நில்லாதவள், முன்னால் சாய்ந்த முக்கோணம். இன்பா வட்டம். உருண்டைக் கன்னம், உருண்டை வயிறு, ஒரு காலுறை மட்டும் எப்போதும் நழுவிக் கணுக்காலில் சுருண்டு கிடக்கும். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று ஒவ்வொருவரையும் திருப்பித் திருப்பி வரைந்தாள். சிரித்தால் எப்படி, சிணுங்கினால் எப்படி என்று தனித்தனித் தாள் வைத்தாள். கடைசியில் மூவரையும் முழுக்கக் கறுப்பால் நிரப்பி, வெறும் நிழலாக்கிப் பாலர் வகுப்பில் காட்டினாள். கண் இல்லை, நிறம் இல்லை. ஆனாலும் முந்தின வகுப்புப் படக்கதையில் சந்தித்த மூவரையும் பிள்ளைகள் பட்டென்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதைவிட என்ன பரீட்சை வேண்டும்?

இப்போதோ மூவருக்கும் ஒரே மெல்லிய உடம்பு, ஒரே அகலக் கண், ஒரே பல்வரிசை. உடுப்பு விஷயத்தில் தமிழ்நாட்டுப் பெற்றோர் ஒன்று கேட்க, யாழ்ப்பாணத்துப் பெற்றோர் இன்னொன்று கேட்க, எவர் மனமும் நோகக்கூடாது என்று குழு எல்லோருக்கும் பட்டு உடுத்திவிட்டது. பெண்களுக்குப் பாவாடை, சேந்தனுக்கு வேட்டி. படங்களை மாற்றிக் கொடுத்தவர் வெரிபீ என்ற வேறோர் ஊரில் இருக்கும் யாரோ ஒருவருடைய மச்சான். வரைந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்க மட்டும் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

ஞாயிறு குழுக் கூட்டத்துக்கு நிரூபா மடிக்கணினியோடு போனாள். தலைவர் விக்னராஜா, ஓய்வுபெற்ற பொறியியலாளர், தேநீர் எடுக்கச் சொன்னார். அவள் எடுக்கவில்லை. திருத்திய மூவரையும் கறுப்பாக்கித் திரையில் போட்டாள்.

"இதில இன்பா ஆர் எண்டு காட்டுங்கோ, அங்கிள்."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இடது பக்கத்து நிழலைக் காட்டினார். பாடத்திட்டம் பார்க்கும் ஹரிப்பிரியா, அது துளசி என்று திருத்தி, நடு நிழல்தான் இன்பா என்றாள்.

"நடுவில நிக்கிறது சேந்தன், அக்கா. வேட்டியோட."

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்.

குண்டாக ஒரு பெண் குழந்தையைப் போட்டால் பெற்றோர் முகம் சுளிப்பார்கள், அழகாக இருந்தால்தானே புத்தகம் போகும் என்று ஹரிப்பிரியா தணிந்த குரலில் விளக்கினாள். பாலர் வகுப்பில் இன்பாவைப் போலவே உருண்டையாக நாலு பிள்ளைகள் இருப்பதை நிரூபா நினைத்துக்கொண்டாள். அவர்கள் முகத்தை யாரிடம் கொடுத்துத் திருத்துவதாம்?

விக்னராஜா சமாதானத்துக்கு வந்தார். "பிள்ளை, ஏன் இப்பிடிக் கோவிக்கிறீர்? படத்துக்குக் கீழ பேரைப் போட்டுவிட்டால் ஆர் எவர் எண்டு தெரியும்தானே."

நிரூபா அவரையே பார்த்தாள்.

"அங்கிள், இது அரிச்சுவடி. எழுத்துத் தெரியாத பிள்ளையைப் பேரை வாசிச்சுப் பார்க்கச் சொல்லுறியளோ?"

தேநீர்க் கோப்பைகள் சத்தமில்லாமல் மேசைக்கு இறங்கின. பொறியியலாளருக்குக் கணக்கு எங்கே பிழைத்தது என்று புரிந்துவிட்டது. காது மடல் சிவந்தது. உள்ளே உம்முடைய படங்களையே போடுவோம், அட்டை மட்டும் பட்டோடு இருக்கட்டுமே என்று ஒரு பேரம் பேசிப் பார்த்தார்.

"அட்டையும்தான். இல்லாட்டி என்ர பேரை எடுத்துப்போடுங்கோ."

அவர் குழுவைச் சுற்றிப் பார்த்தார். ஹரிப்பிரியா குனிந்து தன் தாள்களை அடுக்கினாள். பழைய படங்களையே போடும்படி அச்சகத்துக்குத் தானே சொல்லுவதாகத் தொலைபேசியை எடுத்த விக்னராஜா, பாதியில் நிறுத்தினார்.

"சரி பிள்ளை, உம்மட விருப்பம். அந்தச் சொக்ஸை மட்டுமாவது கொஞ்சம் மேல இழுத்து விடுமன்."

நிரூபா பழைய நிழலைத் திரைக்குக் கொண்டுவந்தாள். உருண்டை உடம்பு, அதன் கீழே கணுக்காலில் சின்னதாய் ஒரு புடைப்பு.

"இழுத்தால் அது இன்பா இல்லை" என்றாள். கோபம் இன்னும் அடங்கவில்லை. தேநீரையும் அவள் தொடவில்லை.