பதினைந்து எண்ணும் வரை

மூச்சை இழுத்து, பதினைந்து எண்ணும் வரை அடக்கி, பிறகு குழாயில் மெல்ல ஊத வேண்டும். மூச்சில் தங்கியிருக்கும் சிகரெட் புகையின் நச்சு வாயு எவ்வளவு என்று கருவியில் எண் வரும். ஆறு வரை பச்சை. பத்தைத் தாண்டினால் சிவப்பு. "வாய் பொய் சொல்லலாம், நுரையீரல் சொல்லாது" என்று சுகாதாரப் பணியாளரான அவள், சிகரெட்டை விடவைக்க நடத்தும் எல்லா முகாமிலும் சொல்வாள்.

அன்று பஸ் பணிமனையின் ஓய்வறை. கிரீஸ் படிந்த பெஞ்சுகளில் இருபது பேர். பக்கத்தில், வழக்கம்போல, அவள் கணவர். தபால் அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமைகளில் அவளுடன் முகாமுக்கு வந்துவிடுவார். அவர்தான் அவளுடைய துருப்புச்சீட்டு.

"இருபத்திரண்டு வருஷம் ஊதித் தள்ளினவன் நான். விட்டு ஒன்றரை வருஷம் ஆச்சு. இப்ப கிராம்புதான்" என்று சட்டைப்பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து ஆட்டினார். பேச்சின் அந்த இடத்தில் எப்போதும் எல்லோரும் சிரிப்பார்கள். இவர்களும் சிரித்தார்கள்.

முதலில் வெல்டர் ஊதினார். இருபத்து நான்கு.

"அடேங்கப்பா! உனக்கு சைலன்சரையே மாத்தணும்யா" என்றார் பெயின்டர்.

வெல்டருக்குச் சுருக்கென்றது. "சார் மட்டும் கதை சொல்லிட்டு சும்மா உக்காந்திருந்தா எப்படி மேடம்? அவரும் ஒரு ஊது ஊதட்டுமே."

"அதானே! வீட்டுக்காரருக்கு மட்டும் சலுகையா?" என்று பெயின்டரும் சேர்ந்துகொண்டார்.

அவள் சிரித்துக்கொண்டே புதுக் குழாயைச் செருகி நீட்டினாள்.

"இதெல்லாம் இப்ப எதுக்கு... நேரமாகுது பாரு" என்றார் அவர். அவர் கண் அவளைத் தொட்டுவிட்டு டப்பாவுக்குப் போனது.

அவளுக்கு விளங்கிவிட்டது. இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் கருவியை வாங்கினார். மூச்சை இழுத்தார்.

"ஒண்ணு. ரெண்டு."

வேகமாக எண்ணி, பாதியில் ஊதச் சொன்னால் எண் குறைந்துவிடும். அந்த அறையில் அவளுக்கு மட்டுமே அது தெரியும். எண் சிவந்தால் அவர் சொன்ன கதையும், அந்தக் கதையை நம்பி அவள் நடத்திய எழுபது முகாம்களும் இந்தப் பெஞ்சுகளுக்கு முன்னால் கவிழும்.

"ஆறு. ஏழு."

தினமும் காலையில் குப்பையைக் கொட்ட அவரே இறங்கிப் போவார். திரும்பி வர இருபது நிமிடம். எவ்வளவு பொறுப்பு என்று நினைத்திருந்தாள். வாரம் ஒருமுறை நிரப்பிக்கொடுத்த கிராம்பு டப்பா சில மாதங்களாகக் குறைவதே இல்லை.

"எட்டு."

கடைசியாக எப்போது பிடித்தீர்கள் என்று ஆயிரம் பேரைக் கேட்டிருப்பாள். அவரை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அதை நம்பிக்கை என்று நினைத்திருந்தாள். பதில் தெரிந்திருந்ததால்தான் கேட்கவில்லை என்பது அப்போது புரிந்தது.

அவர் முகம் சிவந்தது; கண்கள் கெஞ்சின.

"ஒன்பது" என்றாள், அதே நிதானத்தில். "பத்து."

பதினைந்தில் அவர் ஊதினார்.

"பதினேழு" என்று உரக்கப் படித்தாள், எல்லோருடையதையும் படிப்பதுபோல.

வெல்டர் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார். "என்னைவிடக் கம்மிதான் சார். உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் பதிவேட்டில் வெல்டரின் பெயருக்குக் கீழே அவர் பெயரை எழுதினாள்.

"கடைசியா எப்ப பிடிச்சீங்க?"

"காலையில. குப்பை கொட்டப் போனப்ப ரெண்டு."

அதையும் எழுதிக்கொண்டாள்.

"அடுத்த சனிக்கிழமை திரும்ப ஊதணும். வந்துடுங்க" என்றாள். பிறகு புதுக் குழாயை எடுத்துக்கொண்டு பெயின்டரைக் கூப்பிட்டாள்.